நோயில்லாத நோயாளி

கதவைத் தட்டிவிட்டு மருத்துவ மாணவர் ஒருவர் உள்ளே வருகிறார். நாற்காலியில் ஒரு பெண்மணி அமர்ந்திருக்கிறார். அவருடைய பரிசோதனை முடிவு வந்துவிட்டது, புற்றுநோய். அதை மாணவர்தான் சொல்ல வேண்டும். தட்டுத் தடுமாறிச் சொல்லி முடிக்கிறார். பெண்மணியின் கண்களில் நீர் வழிகிறது. மணி அடிக்கிறது. மாணவர் வெளியே போனதும் பெண்மணி கண்களைத் துடைத்துக்கொண்டு, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, மதிப்பீட்டுத் தாளை நிரப்பத் தொடங்குகிறார். அடுத்த மாணவர் கதவைத் தட்டுகிறார்.

அவருக்குப் புற்றுநோய் இல்லை. அவர் ஒரு பாவனை நோயாளி. நோயாளியாக நடிப்பதற்கென்றே மருத்துவக் கல்லூரி பயிற்சி கொடுத்து அமர்த்தியவர்.

ஊசி போடவோ தையல் போடவோ பழகுவதற்கு ரப்பர் தோலும் பொம்மைக் கையும் போதும். கெட்ட செய்தியைச் சொல்ல எதில் பழகுவது? உண்மையான நோயாளி அந்தச் செய்தியை வாழ்நாளில் ஒரு முறைதான் முதன்முறையாகக் கேட்பார். அதில் ஒருவர் கற்றுக்குட்டியாக இருந்தால், அந்தத் தவற்றைத் திருத்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

இந்த முறையைத் தொடங்கியவர் ஹோவர்ட் பாரோஸ் என்னும் அமெரிக்க நரம்பியல் மருத்துவர். அதற்குப் பின்னால் ஒரு வேடிக்கையான சம்பவம் உண்டு. அவர் நரம்பியல் பயின்ற காலத்தில், மருத்துவர்களுக்கான தேர்வு ஒன்றில் உண்மையான நோயாளி ஒருவரையே பலரும் சோதித்துப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் நோயாளியிடம் முரட்டுத்தனமாக நடந்துகொண்டாராம். நோயாளி சும்மா இருக்கவில்லை. நரம்புப் பாதிப்பு இருந்தால், உள்ளங்காலைக் கீறும்போது பெருவிரல் மேல்நோக்கி எழும். அதைத் தம்முடைய மற்றக் காலில் செய்து காட்டிவிட்டார்! உணர்ச்சி குறைந்த இடங்களையும் மாற்றிச் சொல்லிவிட்டார். பிறகு நடந்ததைப் பாரோஸிடம் அவரே சொல்லியிருக்கிறார். நோயின் அறிகுறியை ஒருவரால் நடித்துக் காட்ட முடியும் என்பது பாரோஸின் மனத்தில் பதிந்துவிட்டது.

1963-ஆம் ஆண்டு, லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அவர் அதைச் செய்து பார்த்தார். ஓவியர்களுக்கு மாடலாக இருந்த ரோஸ் மெக்வில்லியம்ஸ் என்ற பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்தார். செயலிழந்த இரு கால்கள், பார்வையற்ற ஒரு கண், கீறினால் மேலே எழும் பெருவிரல் அனைத்தையும் அவர் நடித்துக் காட்டினார். அந்தப் பாத்திரத்துக்கு பேட்டி டக்கர் என்று பெயரும் வைத்தார்கள். மறு ஆண்டு பாரோஸும் அவருடைய சக ஆய்வாளரும் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். பாராட்டு குவியவில்லை. ஹாலிவுட் பக்கத்தில்தானே இருக்கிறது என்ற கேலிதான் வந்தது. சக பேராசிரியர்கள் பலரும் முகம் சுளித்தார்கள்.

கேலி அடங்கியதற்கு ஒரு காரணம் தேர்வுதான். அந்தக் காலத்தில் உங்களுக்கு எளிய நோயாளி வாய்த்தால் தேர்ச்சி. பக்கத்தில் இருப்பவருக்குச் சிக்கலான நோயாளி வாய்த்தால் அவர் பாடு திண்டாட்டம். அதிர்ஷ்டத்தை மதிப்பெண்ணிலிருந்து எப்படி விலக்குவது? ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டனும் உடன் பணியாற்றியவர்களும் 1975-இல் ஒரு வழி சொன்னார்கள். வரிசையாகப் பல நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வேலை. சில நிமிடங்களில் மணி அடித்ததும் அடுத்த நிலையம். எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே மதிப்பீட்டுத் தாள். ஓஸ்கி என்று அழைக்கப்படும் இத்தேர்வு இன்று மலாயாப் பல்கலைக்கழகம் உட்பட நம் நாட்டு மருத்துவக் கல்லூரிகளிலும் நடக்கிறது. காலையில் முதலில் வந்தவருக்கும் மாலையில் கடைசியாக வந்தவருக்கும் ஒரே வலியை, ஒரே சொற்களில் சொல்லும் ஆள் இதற்குத் தேவை. பாவனை நோயாளி அங்கே சரியாகப் பொருந்திக்கொண்டார்.

இது எளிய நடிப்பு அன்று. எதைத் தானாகச் சொல்லலாம், எதைக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் அவர் மனப்பாடம் செய்ய வேண்டும். வயிற்றுவலி என்று வரும் 16 வயதுப் பெண், அம்மா பக்கத்தில் இருக்கும்வரை வாயைத் திறக்கமாட்டாள். அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கும்படி பணிவாகக் கேட்கத் தெரிந்த மாணவருக்குத்தான் பாதிக் கதை கிடைக்கும்.

குறைகளும் உண்டு. வீங்கிய கல்லீரலை யாராலும் நடிக்க முடியாது. அதற்கு நோயாளிகள் இருக்கும் வார்டுக்குத்தான் போக வேண்டும். இன்னொன்று எனக்குப் பெரிதாகப் படுகிறது. பரிவுக்கும் மதிப்பெண் உண்டு என்று தெரிந்துகொண்ட மாணவர்கள் சிலர், "உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது" என்பதைக் கிளிப்பிள்ளை போல ஒப்பித்துவிடுகிறார்கள்.

பயிற்சி வகுப்புகளில் இதை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் எதிரில் அமர்ந்திருப்பவர்தான். நடிப்பு முடிந்ததும் அவர் பாத்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மாணவரிடம் நேரடியாகப் பேசுவார். "புற்றுநோய் என்று சொன்னபோது நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை."