நீருக்கடியில் ஒரு கோரைக் கம்பளம்

கோரையை அறியாத அங்கத்தினர் நம்மிடையே இரார். காவிரிக் கரையில் அதனைப் பயிரிடுவோரும், அறுத்துக் கிழித்துக் காயவைத்துப் பாய் நெய்வோரும் இவ்விதழின் வாசகர்களே. அக்கோரைக் குடும்பத்தில் விரல் நீளமே வளரும் சிறு செடி ஒன்று உண்டு. கண்ணாடித் தொட்டிகளில் மீன்களின் காலடியில் (மீனுக்குக் கால் ஏது என்று கேளாதீர்கள்) பச்சைக் கம்பளமாக விரிந்து கிடப்பது அதுவே. சென்னைக் கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்பு பெருந்தொழிலாகிவிட்டது. மீன் வாங்குவோர் செடியும் கேட்கின்றனர். ஆதலின், ஈர நிலமும் நிழலும் உடைய விவசாயிகள் இதனைத் துணைப்பயிராகக் கொள்ளலாமா என்று எண்ணுவது இயல்பே. எண்ணுமுன் இச்செடியின் குணத்தை அறிந்துகொள்ளுதல் நன்று.

வணிகர்கள் இதனை ‘ஹேர் கிராஸ்’ என்பர். தாவர நூலார் இட்ட பெயர் எலியோகாரிஸ். சதுப்பு நிலத்து எழில் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆனது அப்பெயர். அசிகுலாரிஸ், பார்வுலா என்னும் இரு இனங்களே தொட்டிகளில் மிகுதி, பின்னது குட்டையானது. பெயரில் புல் இருப்பினும் இது புல்லன்று. கண்ணுக்கு இலையாகத் தோன்றும் ஒவ்வோர் இழையும் தண்டே. இலையோ அடியில் வெறும் உறையாகச் சுருங்கிவிட்டது. மண்ணுக்குள் கிடையாக ஓடும் வேர்த்தண்டு, சிறிது தூரம் சென்று ஒரு குத்தை எழுப்பும், மீண்டும் ஓடும். தறியில் ஊடை ஓடி நெருங்குவதுபோல இவ்வோட்டங்கள் நெருங்கி நெருங்கியே கம்பளம் உண்டாகிறது. விற்பனையில் உள்ள பிற கம்பளச் செடிகள் வேறு குலத்தவை. லிலியாப்சிஸ் கேரட்டின் குடும்பம். இலங்கையின் ஓடைக்கரைச் செடியான கிரிப்டோகோரைன் பார்வா நமது சேம்பின் குடும்பம். பார்வா மிக மெதுவாக வளர்வது. கம்பளமாக ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். விலை கேட்குமுன் எது எது என்று தெரிந்து வாங்குக.

செடியும் மீனும் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று தாங்கி வாழும் என்பதை 1850இல் லண்டன் ரசாயன அறிஞர் ராபர்ட் வாரிங்டன் எடுத்துரைத்தார். பொன்மீன்கள், நாடா போன்ற வாலிஸ்நேரியாச் செடி, அழுகிய இலையைத் தின்ன நத்தைகள், இவையே அவர் தொட்டியிலிருந்தவை. அதன்பின் நூறாண்டுக்கு மேல் செடி மீனுக்குத் துணையாகவே இருந்தது. அம்முறையைத் தலைகீழாக்கி, செடிக்கு மீன் துணை என்று ஆக்கியவர்களுள் தலையாயவர் ஜப்பானின் தகாஷி அமானோ (1954–2015). மலைச்சாரலையும் புல்வெளியையும் தொட்டிக்குள் காட்டியவர் அவர். லிஸ்பன் நகர நீர்க்காட்சிச்சாலையில் 2015இல் அவர் அமைத்த தொட்டியின் நீளம் 40 மீட்டர்! படத்தில் அதனைக் கண்டு மயங்கி, கடையில் இரண்டு கட்டுச் செடி வாங்கி ஆற்று மணலில் ஊன்றுவோர் அநேகர். ஒரு திங்களில் செடி பழுப்பாகி, மேலே பாசி படர்ந்துவிடுகிறது. அவர்களில் பலர் அடுத்துச் செய்வது, மேலும் ஒரு விளக்கு வாங்குவது. அங்கேதான் பணம் வீணாகிறது.

காரணம் கூறுவேன். நிலத்துச் செடி காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து உடல் வளர்க்கிறது. நீருக்குள் அவ்வாயு செடியை வந்தடைவது அரிது. காற்றில் பரவுவதைவிட நீரில் அது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவும் இராது. தண்ணீர் பாயாத வயலில் உரத்தை மேன்மேலும் கொட்டினால் விளைச்சல் பெருகுமா? வாயு குறைவான தொட்டியில் விளக்கைக் கூட்டுவதும் அத்தகையதே. கம்பளச் செடி உண்ணாத ஒளியையும் சத்தையும் பாசி உண்டு கொழுக்கிறது. அழுத்த உருளையிலிருந்து வாயுவை நுண்குமிழிகளாகச் செலுத்தி, லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை நிறுத்துவது தேர்ந்தோர் வழக்கம். விளக்கு எரியுமுன் ஓரிரு மணி நேரம் திறந்து, இரவில் மூடிவிட வேண்டும். மீன்கள் மேற்பரப்பில் வாய்பிளந்து நின்றால் வாயு மிகுந்துவிட்டது என்று உணர்ந்து, உடனே குறைத்து நீர்ப்பரப்பைக் கலக்கிவிடுக. சர்க்கரையும் ஈஸ்டும் கலந்த சீசாவிலிருந்து வாயு எடுப்போரும் உண்டு. செலவு குறைவுதான், ஆயினும் இன்று மிகும், நாளை குறையும், அந்த ஏற்ற இறக்கமே பாசிக்கு இடம் தரும். வாயுச் செலவுக்கு மனமில்லாதவர் ஒளியைக் குறைத்து, மெதுவாக வளரும் செடியோடு திருப்தியடைவதே முறை.

மண்ணைப் பற்றி நெடிது கூற வேண்டுவதில்லை. சத்தைப் பற்றி வைத்து வேருக்கு அளிக்கும் களிமண் குறுணை சிறந்தது. பருங்கற்களிடையே வேர்த்தண்டு ஓடாது. புதுக் குறுணையிலிருந்து அமோனியா கசியக்கூடும். அதனை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகும்வரை, சில வாரங்கள், மீன் விடலாகாது. நடவு நெல் நாற்று நடுவது போன்றதே. குத்தைச் சிறு சிறு பிரிவாக்கி, நீண்ட இடுக்கியால் 2½ சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றுக. 60க்கு 30 சென்டிமீட்டர் அடிப்பரப்புள்ள தொட்டிக்கு இவ்வாறு 288 பிரிவுகள் செல்லும். இரண்டு கட்டில் முடித்துவிட நினைப்பவர் இக்கணக்கைப் பார்க்கட்டும்.

நமது அங்கத்தினர்க்கு உரிய செய்தி இனிமேல்தான் வருகிறது. இச்செடியை நீருக்கடியில் பயிரிட வேண்டும் என்பதில்லை. ஆழமற்ற தட்டில் சேற்று ஈரம் மாறாமல் வைத்து, நிழல்வலையின்கீழ், காற்றில் ஈரப்பதம் குன்றாமல் காத்தால், வெளிக்காற்றின் கரியமில வாயுவைக் கொண்டே அது செழித்துப் பரவும். உருளை வேண்டாம், தொட்டிப் பாசியின் தொல்லையும் இராது. மேனாட்டு நாற்றங்கால்களும் பெரும்பாலும் இவ்வழியையே கொண்டுள்ளன. தொட்டி வைப்போரும் முதலில் ஈரமண்ணில் நட்டு, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் மூடி, ஆறேழு வாரம் வேர் ஓடவிட்டுப் பின்னர் நீர் நிரப்புவதுண்டு.

ஆயின் இதில் ஒரு சிக்கல் உளது. காற்றில் வளர்ந்த இழைகள் நீரில் மூழ்கியதும் பெரும்பாலும் பழுத்து உதிரும். நீருக்கேற்ற புது இழைகள் அடியிலிருந்து வர வாரங்கள் ஆகும். இதனைச் சொல்லாமல் விற்றால், வாங்கியவர் செடி செத்தது என்று பிடுங்கி எறிவார். மறுமுறை நம்மிடம் வரமாட்டார். சாயம் போகும் புடவையைச் சொல்லாமல் விற்ற சங்கத்துக்கு நேர்வது யாது என்பதை நெசவாளர்க்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தட்டில் வளர்ந்தது என்று சீட்டில் எழுதியே கொடுப்போமாக. முதலில் ஒரே ஒரு தட்டு வைத்துப் பார்த்து, கடைக்காரர் இருவரிடம் விலை கேட்டபின் முதலீட்டைப் பெருக்குவதே விவேகம். நமது கோடையும் கணக்கில் இருக்கட்டும். நீர் சூடேறச் சூடேற அதில் வாயுக்கள் கரைவது குறையும். 30 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் தொட்டியில் இச்செடி நலிவதே வழக்கம்.

அடர்ந்த கம்பளத்தைக் கத்தரிக்கோலால் பாதி உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். இன்றேல் அடிப்பகுதி ஒளியின்றி அழுகி, முழுத்துண்டாகப் பெயர்ந்து மிதக்கும். வெட்டியதையும், மிஞ்சிய நாற்றையும், தொட்டி நீரையும் வாய்க்காலிலோ ஏரியிலோ விடலாகாது. அழகுக்கென்று தென்னமெரிக்காவிலிருந்து கொணர்ந்த ஆகாயத் தாமரை நம் ஏரிகளை மூடியது எவரும் அறிந்ததே. கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டத்து ஆவளையில் 2020இல் இளஞ்சிவப்பாகப் பூத்து மக்களைத் திரளச் செய்த கபோம்பாவும் தொட்டிச் செடியாக வந்ததே. அப்பூவை வீட்டுக்குப் பறித்துச் சென்றோராலும் அது பரவக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. கழிவைக் கெட்டியான தரையில் வெயிலில் பரப்பி, நொறுங்கும்வரை காயவைத்து, எருக்குழியில் இடுக. தொட்டி நீரைத் தென்னம்பாத்திக்கு ஊற்றலாம். அதில் மீன் கழிவின் சத்து உண்டு.