தோளுயரத்துக்கு எழும் பந்தை எப்படி அடிப்பது? ஓங்கி அடித்தால் ஏன் வலையில் போய் விழுகிறது?

சித்திரை மாதத் தஞ்சாவூர். காலை ஏழு மணிக்கே சிமெண்ட் கோர்ட் சூடேறத் தொடங்கிவிடும். எதிரே நிற்பவர் ஓய்வுபெற்ற ஒரு சார். அறுபதைத் தாண்டியவர். ஓட மாட்டார், பலமாக அடிக்க மாட்டார். வருகிற பந்தையெல்லாம் வலைக்கு மேல் பத்தடி உயரத்தில் தூக்கிப் போடுவார், அவ்வளவுதான். அது பெரிய கோயில் விமானத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவது போல நிதானமாக இறங்கி, தரையில் பட்டு, என் தோளுக்கு எழும்பும். 'மாட்டினார்டா' என்று நான் ஓங்கி ஒரு ஃபோர்ஹேண்ட் அடிப்பேன். நேராக வலையில். அடுத்ததைக் கொஞ்சம் தூக்கி அடிப்பேன். பின்பக்கக் கம்பி வேலியில். செட் 6-1. "தம்பி, நாளைக்கும் வாங்க" என்பார்.

வார இறுதியில் டென்னிஸ் ஆடுகிற பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். இடுப்புயரத்துக்கு வரும் பந்தை அழகாக அடிக்கிறவர்கள்கூட, அதே பந்து தோளுக்கு வந்தால் தடுமாறிப்போகிறோம். இதில் பந்து வேகமாகக்கூட வருவதில்லை என்பதுதான் கடுப்பு. யோசிக்க நேரம் இருக்கிறது, அடிக்க நேரம் இருக்கிறது. இருந்தும் தப்பாகிறது.

காரணம் கையில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

உயரத்திலிருந்து அடித்தால் ஈஸிதானே?

பந்து உயரத்தில் இருக்கிறது, வலை தாழ்வாக இருக்கிறது. ஆகவே மேலிருந்து கீழே அடித்துவிடலாம் என்று மனசு சொல்கிறது. ஒரு நிமிடம் அளவுகளைப் பாருங்கள். வலையின் நடு உயரம் 91.4 செ.மீ. உங்கள் பேஸ்லைனிலிருந்து வலைக்கு 11.885 மீட்டர். வலையிலிருந்து எதிர் பேஸ்லைனுக்கும் அதே தூரம். பந்து நேர்கோட்டில் போவதாகவே வைத்துக்கொள்வோம். அது வலையை உரசிக்கொண்டு எதிர் பேஸ்லைனில் விழ வேண்டுமென்றால், வலையைப் போல இரண்டு மடங்கு உயரத்திலிருந்து கிளம்ப வேண்டும். அதாவது 183 செ.மீ., ஆறடி. நம் தோளுயரம் சுமார் ஒன்றரை மீட்டர்தான்.

அது மட்டுமல்ல, பந்து நேர்கோட்டில் போகாது, ஈர்ப்பு விசை இழுத்துக்கொண்டே இருக்கும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில், தரைக்கு இணையாக அடிக்கிறீர்கள் என்று வையுங்கள். வலையை அடைய 0.43 விநாடி ஆகும். அதற்குள் பந்து கிட்டத்தட்ட 90 செ.மீ. இறங்கிவிடும். ஒன்றரை மீட்டரில் கிளம்பியது, வலையருகே 60 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். வலையின் நடுவில் போய் 'தொப்'. கீழ்நோக்கிக்கூட இல்லை, சமமாக அடித்ததற்கே இந்தக் கதி!

அதே பந்தை சுமார் 4 டிகிரி மேல்நோக்கி அடித்துப் பாருங்கள். வலையை அரை மீட்டர் இடைவெளியில் தாண்டி, எதிர் பேஸ்லைனுக்கு இரண்டு மீட்டர் முன்னாலேயே விழும். காற்றின் தடையையும் கொஞ்சம் டாப்ஸ்பின்னையும் சேர்த்தால் இன்னும் முன்னால் விழும். ஆக, பேஸ்லைனில் நின்று அடிக்கும்போது தோளுயரப் பந்தும் லேசாக மேல்நோக்கித்தான் போக வேண்டும். வலைக்கு அருகே, கோர்ட்டுக்கு நடுவில் வந்து விழுகிற பந்து வேறு. அதைக் கீழ்நோக்கி அடிக்கலாம்.

நம் ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். கதிர்க்கட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் கட்டையில் அடிப்போமே, அந்த அடி இங்கே வேண்டாம். வரப்பில் நின்று நாத்து முடியை வயலுக்குள் வீசும்போது கை கீழேயிருந்து மேலே போகுமே, அது இடுப்புயரப் பந்துக்கான டாப்ஸ்பின் வீச்சு. தோளுயரப் பந்துக்கு அதுவும் சரிப்படாது. ராக்கெட் தோளுயரத்திலேயே புறப்பட்டு, பந்தைத் தாண்டி லேசாக ஏற வேண்டும்.

வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு

அங்கீகரிக்கப்பட்ட ஒரு டென்னிஸ் பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து கெட்டியான தரையில் போட்டால், அது 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும் என்பது விதி. இந்தச் சோதனையைச் சுமார் 20 டிகிரி வெப்பத்தில் செய்வார்கள். டெல்டாவில் மே மாதம் 20 டிகிரியை ஏசி அறையில்தான் பார்க்கலாம். வெயில் ஏறினால் பந்துக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் கூடும், ரப்பரும் துள்ளும். மார்கழிப் பனியில் அதே பந்து ஈரத்தைக் குடித்துக் கனமாகி, முட்டியைத் தாண்ட யோசிக்கும். டிசம்பரில் நன்றாக ஆடியவர் ஏப்ரலில் 'ஃபார்ம் போச்சு' என்று புலம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தரையும் முக்கியம். புல்தரையில் பந்து வழுக்கித் தாழ்வாக வரும். களிமண் தரை பந்தைப் பிடித்து நிறுத்தி, மேலே அனுப்பும். சிமெண்ட் இரண்டுக்கும் நடுவில்.

இதை நன்றாக உணர்ந்தவர்கள் நம் தமிழ்நாட்டு வீரர்கள்தான். ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனார். அந்தக் காலத்தில் நான்கு கிராண்ட்ஸ்லாம்களில் மூன்று புல்தரையில் நடந்தன. மர ராக்கெட், சிறிய தலை. பந்தைத் தோளுக்கு மேல் எழுப்புகிற அளவுக்கு டாப்ஸ்பின் போடுவது அரிது. உயரப் பந்து என்பது அன்று அவ்வளவு பெரிய தலைவலி இல்லை.

அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் காலத்தில் நிலைமை மாறிவிட்டது. 1987 டேவிஸ் கோப்பை அரையிறுதி சிட்னியில், புல்தரையில். கடைசி ஆட்டத்தில் வாலி மசூரை ரமேஷ் வென்றதால் இந்தியா இறுதிப்போட்டிக்குப் போனது. இறுதிப்போட்டி டிசம்பரில், ஸ்வீடனின் கோதென்பர்க்கில். போட்டியை நடத்தும் நாடு தரையைத் தேர்ந்தெடுக்கலாம். ஸ்வீடன் உள்ளரங்கில் களிமண் தரையைப் போட்டது. மென்மையாக, தட்டையாக அடிக்கிற ரமேஷுக்கு எதிரே டாப்ஸ்பின்னில் ஊறிய மட்ஸ் விலாண்டர். ரமேஷ் நேர் செட்களில் தோற்றார். இந்தியா 0-5.

பதிமூன்று மாதம் கழித்து, 1989 ஆஸ்திரேலிய ஓப்பன் இரண்டாவது சுற்றில் இதே இருவரும் மறுபடி மோதினார்கள். விலாண்டர் அப்போது உலகின் நம்பர் ஒன், நடப்புச் சாம்பியனும்கூட. இம்முறை செயற்கைத் தரை. ரமேஷ் நேர் செட்களில் ஜெயித்தார்! தரை மட்டுமே காரணம் என்று சொன்னால் அது ரமேஷுக்குச் செய்கிற அநியாயம். ஆனால் பந்தை மேலே ஏற விடாமல், எழும்போதே எடுத்து ஆடுகிற அவருடைய பாணி களிமண்ணில் மூச்சுத் திணறியதும் மற்ற தரைகளில் மின்னியதும் தற்செயல் இல்லை.

அதன்பின் ராக்கெட் பெரிதாகி, பாலியஸ்டர் நரம்பு வந்து, டாப்ஸ்பின் எங்கேயோ போய்விட்டது. சாம்ப்ராஸ், அகாஸி காலத்து ஃபோர்ஹேண்ட் நிமிடத்துக்குச் சுமார் 1,800 சுற்று சுழன்றது. நடாலின் பந்து சராசரியாக 3,200 சுற்று. இன்று நம் ஊர் கோர்ட்டில் பதினைந்து வயசுப் பிள்ளைகூட பந்தை உங்கள் காதுக்கு எழுப்புகிறது.

மூன்று வழி, மூன்றுக்கும் விலை

பந்து வலையைத் தாண்டும்போதே முடிவெடுக்க வேண்டும். வலைக்கு மேல் ஆளுயரத்துக்கும் அதிகமாக வந்தால் அது எழும்பும் என்று அர்த்தம். பந்து தரையில் பட்ட பிறகு யோசித்தால் லேட்.

முதல் வழி, பின்னால் போவது. மூன்று நான்கு மீட்டர் பின்வாங்கினால் பந்து இறங்கி இடுப்புக்கு வந்துவிடும், பழகிய ஷாட்டை ஆடலாம். பாதுகாப்பானது, ஆனால் எதிராளிக்கு நேரம் கொடுக்கிறீர்கள். இன்னொரு சிக்கல், இடம். சர்வதேசப் போட்டிகளுக்கு பேஸ்லைனுக்குப் பின்னால் 6.4 மீட்டர் காலி இடம் வேண்டும் என்கிறார்கள். நம் ஊர்களில் பல கோர்ட்டில் நாலு எட்டு வைத்தால் முதுகில் வேலி இடிக்கும்.

இரண்டாவது, முன்னால் போய் எழும்போதே எடுப்பது. ரமேஷ் வழி. பந்து இடுப்பைத் தாண்டுவதற்குள் குட்டையான வீச்சில் திருப்பி அனுப்ப வேண்டும். டைமிங் ஒரு நூல் பிசகினாலும் பந்து எங்கேயோ போகும். 170 செ.மீ. உயரமுள்ள அர்ஜென்டினாவின் டியகோ ஸ்வார்ட்ஸ்மன் இப்படி ஆடித்தான் பெயர் வாங்கினார். 2020 ரோம் போட்டியில் களிமண்ணில் நடாலை நேர் செட்களில் வென்றார். அது செப்டம்பர் மாத இரவு ஆட்டம், பந்து வழக்கம்போல் துள்ளவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

மூன்றாவதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். பந்து உச்சியில் நிற்கும்போது, தோளுயரத்திலேயே அடிப்பது. 2009 பிரெஞ்சு ஓப்பனில், அதுவரை அங்கே 31 ஆட்டங்களில் தோற்காத நடாலை ராபின் சோடர்லிங் வீழ்த்தியது இப்படித்தான். ஸ்வீடன்காரர், 193 செ.மீ. உயரம். நடாலின் உயரப் பந்துகள் அவருக்குத் தோதான இடத்தில் வந்து உட்கார்ந்தன. என்னைப் போல 168 செ.மீ. ஆசாமிக்கு அந்த வசதி கிடையாது. ஆனால் முறை ஒன்றுதான்.

உடம்பு என்ன செய்ய வேண்டும்?

முதலில் தோளைத் திருப்புங்கள். ராக்கெட்டைக் கையால் பின்னுக்கு இழுக்காதீர்கள். இடது கை ராக்கெட்டின் கழுத்தைப் பிடித்தபடியே இருக்கட்டும். இரண்டு கையும் சேர்ந்து ராக்கெட்டைத் தோளுயரத்துக்குக் கொண்டுபோகும், உடம்பும் தானாகத் திரும்பும். (இடதுகைக்காரர்கள் மாற்றிப் படிக்கவும்.) பிறகு இடது கையை விட்டு, பேஸ்லைனுக்கு இணையாக நீட்டுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நாம் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். பழக்கதோஷத்தில் ராக்கெட்டை இடுப்புக்குக் கீழே இறக்கி, அங்கேயிருந்து தோளுக்கு ஏற்றுகிறோம். அது தூரமான பயணம். போய்ச் சேர்வதற்குள் பந்து தாண்டிவிடும், அல்லது அடிப்பகுதியில் உரசி வானத்துக்குப் போகும்.

முழங்கை உடம்பை ஒட்டாமல் வெளியே, உயரமாக இருக்கட்டும். பந்தைத் தொடும் இடம் உடம்புக்கு நன்றாக முன்னால். வீச்சு குறுக்காகப் போய் இடது தோளுக்குப் பக்கத்தில் முடியட்டும். தலைக்கு மேல் சுழற்றுவது நடாலுக்கு அழகு, நமக்கு வலி. மணிக்கட்டை வெடுக்கென்று மடக்கிக் கீழே தள்ளும் ஆசையையும் அடக்க வேண்டும்.

சக்தி எங்கிருந்து வரும்? கையைத் தோளுயரத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டு வேகம் காட்டச் சொன்னால், தோளைச் சுற்றியுள்ள சிறு தசைகள்தான் சுமையைத் தாங்க வேண்டியிருக்கும். அவை அதற்கான ஆள் இல்லை. என் தோள் ஒரு கோடை முழுக்க வலித்தது, சட்டை போடவே முடியவில்லை. எடையை வலது காலில் ஏற்றி, முட்டியை மடக்கி, தரையை உதைத்து எழும்பி, இடுப்பைத் திருப்பினால் கை தானாக இழுபட்டு வரும். எழும்பும்போது கால் தரையை விட்டால் விடட்டும். குதிப்பதற்காகக் குதிக்க வேண்டாம். பின்பக்கம் சாய்ந்தபடி அடித்தால் மட்டும் எதுவும் நடக்காது. தோள் ஏற்கெனவே வலிக்கிறதென்றால் முதல் வழிக்கே போய்விடுங்கள்.

பிடியைப் பற்றி நிறைய சண்டை உண்டு. உள்ளங்கை ராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஈஸ்டர்ன் பிடிக்கு இடுப்புயரம் வசதி. உள்ளங்கை இன்னும் கொஞ்சம் கீழே போகிற செமி வெஸ்டர்ன் பிடிக்கு நெஞ்சும் தோளும் வசதி. ஈஸ்டர்ன்காரர் உயரப் பந்துக்காக மட்டும் பிடியை மாற்ற வேண்டியதில்லை. அப்படியே தட்டையாக அடிக்கலாம், ஆனால் வலைக்கு மேல் அதிக இடைவெளி விட வேண்டும். என் அபிப்பிராயம் இது, உங்கள் கோச் வேறு சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

எங்கே அடிப்பது? குறுக்காக. மூலைக்கு மூலை தூரம் 25.15 மீட்டர், நேர்க்கோட்டில் 23.77 தான். கிட்டத்தட்ட 1.4 மீட்டர் கூடுதல் இடம். பந்து கடக்கும் இடத்தில் வலையும் தாழ்வு. ஓரத்துக் கம்பத்தருகே வலை 107 செ.மீ. இருக்கும்.

பயிற்சிக்குச் செலவே இல்லை. நண்பரை உயரமாகப் பந்து போடச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடம் அடிக்காதீர்கள். உடம்பைத் திருப்பி, காலை ஊன்றி, தோளுயரத்தில், உடம்புக்கு முன்னால், இடது கையால் பந்தைப் பிடியுங்கள். பிடிக்கிற இடம்தான் அடிக்கிற இடம். பிடிக்க முடியாத பந்து என்றால் நீங்கள் தப்பான இடத்தில் நிற்கிறீர்கள். இருபது பந்தைப் பிடித்த பிறகு ராக்கெட்டை எடுங்கள், அதுவும் பாதி வேகத்தில். வலைக்கு மேல் ஒரு ராக்கெட் நீளம் இடைவெளி விட்டு, குறுக்காக.

நான் இதை மூன்று வாரம் செய்தேன். போன ஞாயிறு சார் வழக்கம்போல் தூக்கிப் போட்டார். தோளில் வைத்து, குறுக்காக, மூலையில் இறக்கினேன். பந்து போன திசையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பந்தை வலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் வெட்டி, என் கணுக்காலுக்கு அனுப்பினார். 6-3.