அப்டேட்டுக்குப் பிறகு போன் மெதுவாகிவிட்டதா? உங்கள் உரிமைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆப்பிள் நிறுவனத்தைப் பற்றிச் செய்தி வராத வாரமே இல்லை. அடுத்த ஐபோன் எந்த நிறத்தில் வரும், கேமரா எப்படி இருக்கும், பங்கு விலை ஏறியதா இறங்கியதா என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஏற்கெனவே போனை வாங்கி வைத்திருப்பவரின் கதைக்கு அங்கே இடம் குறைவு. அவர் மாதத் தவணை கட்டி வாங்கியவர். ஒரு நாள் இரவு சாஃப்ட்வேர் அப்டேட் செய்துவிட்டுப் படுக்கிறார். அதன் பிறகு வாரக்கணக்கில் ஆப் திறக்கவே தாமதமாகிறது. மதியத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது. கடைக்குக் கொண்டுபோனால், “பழைய மாடல் சார், மாத்திடுங்க” என்று ஒரே வரியில் பதில் வருகிறது. அவரும் மறுபடி தவணைக்குக் கையெழுத்துப் போடுகிறார்.

போன் ஏன் மெதுவானது, பேட்டரியை மட்டும் மாற்றினால் போதாதா, அப்டேட் என்ன செய்யும் என்று முன்பே சொன்னார்களா? இந்த மூன்று கேள்விகளையும் கேட்க அவருக்கு உரிமை உண்டு. கேட்காததால்தான் பலரின் பணம் வீணாகிறது.

2017-ல் நடந்தது என்ன?

செல்போனில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரி நாளாக நாளாகத் தேயும். அதன் உள்மின்தடை கூடிக்கொண்டே போகும். கேமராவைத் திறக்கும்போதும் கேம் ஆடும்போதும் பிராசஸர் சட்டென்று அதிக மின்சாரம் கேட்கும். தேய்ந்த பேட்டரியால் அதை உடனே கொடுக்க முடியாமல் மின்னழுத்தம் சரியும். அப்போது திரையில் 30 சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டிருக்கும் போனும் அணைந்துவிடும். 2016-ல் ஐபோன் 6, 6எஸ் வைத்திருந்த பலருக்கு இப்படித்தான் நடந்தது.

2017 ஜனவரியில் ஐஓஎஸ் 10.2.1 என்ற அப்டேட் வந்தது. போன் திடீரென அணைவது குறைந்தது. எப்படிக் குறைத்தார்கள் என்பதை மட்டும் நிறுவனம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. பேட்டரி தேய்ந்திருந்தால் பிராசஸரின் உச்ச வேகத்தையே கட்டுப்படுத்தும்படி அந்த அப்டேட்டை அமைத்திருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில், போன்களின் வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் செயலியை உருவாக்கிய ஜான் பூல் ஒரு கணக்கை வெளியிட்டார். ஒரே மாடல் ஐபோன்கள் அப்டேட்டுக்குப் பிறகு வெவ்வேறு வேகத்தில் ஓடுவது அதில் தெளிவாகத் தெரிந்தது. டிசம்பர் 20 அன்று ஆப்பிள் அதை ஒப்புக்கொண்டது. டிசம்பர் 28 அன்று வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டது. அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணம் 29 டாலராகக் குறைந்தது. இந்தியாவில் வரி நீங்கலாக 6,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாகக் குறைந்தது. 2018 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 11.3-ல்தான் பேட்டரியின் நிலையைப் பார்க்கும் வசதியும், வேகக் கட்டுப்பாட்டை நிறுத்தும் வசதியும் பயனாளரின் கைக்கு வந்தன.

பேட்டரி தேய்வது இயற்கை. போன் அணையாமலிருக்க வேகத்தைக் குறைத்ததற்கும் தொழில்நுட்பக் காரணம் உண்டு. மறைத்ததுதான் தவறு. பேட்டரியை மாற்றினால் பழைய வேகம் திரும்பிவிடும் என்று தெரிந்திருந்தால், வாடிக்கையாளர்கள் சில ஆயிரங்களில் முடிந்திருக்கும் வேலைக்குப் பல்லாயிரம் ரூபாயைக் கொட்டியிருக்க மாட்டார்கள்.

கேட்டவர்களுக்குக் கிடைத்தது

அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் ஒன்றுசேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். 2020 மார்ச்சில் 50 கோடி டாலர் வரை தர ஆப்பிள் சம்மதித்தது. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே செய்த சமரசம் அது. அதே ஆண்டு நவம்பரில், இதே விவகாரத்தை விசாரித்த முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களுக்கு 11.3 கோடி டாலர் தர இணங்கியது. பிரான்சின் நுகர்வோர் பாதுகாப்புத் துறை 2020 பிப்ரவரியில் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தது. அப்டேட் போனை மெதுவாக்கக்கூடும் என்பதை நுகர்வோரிடம் சொல்லாததே அது சுட்டிய குற்றம். இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் 2018-லேயே ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும், சாம்சங்குக்கு அதன் போன்களின் அப்டேட்டுக்காக ஐம்பது லட்சம் யூரோவும் அபராதம் போட்டிருந்தது.

அதே இத்தாலிய ஆணையம் 2020 நவம்பரில் ஆப்பிளுக்கு இன்னொரு கோடி யூரோ அபராதம் விதித்தது. தண்ணீர் புகாது என்று விளம்பரம் செய்துவிட்டு, நீரால் ஏற்படும் பழுதுக்கு வாரண்டி இல்லை என்று கைவிரித்தது சரியல்ல என்றது. இது நமக்கும் பாடம். ஐபி68 என்று பெட்டியில் போட்டிருந்தாலும், உள்ளே ஈரம் புகுந்ததற்கான அடையாளம் தெரிந்தால் ஓராண்டு வாரண்டியில் இலவசப் பழுதுபார்ப்பு கிடைக்காது.

ஐரோப்பிய ஒன்றியம் இப்போது அபராதத்தோடு நிற்கவில்லை. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் ஸ்மார்ட்போன்களின் பேட்டரி 800 முறை சார்ஜ் ஆன பிறகும் 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும். முக்கியமான உதிரிபாகங்கள், அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழாண்டு கிடைக்க வேண்டும்.

இந்தியாவில் உங்களுக்கு உள்ள உரிமை

2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நமக்கு வலுவான ஆயுதம். பொருளின் தரம், திறன், விலை ஆகியவற்றைத் தெரிந்துகொள்வது அந்தச் சட்டம் வரையறுக்கும் உரிமை. பில் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. காலம் எதுவும் குறிப்பிடப்படவில்லை என்றால் 30 நாள் கணக்கு. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று கடைக்காரர் பில்லில் அச்சிட்டிருந்தாலும் குறையுள்ள பொருள் விஷயத்தில் அது உங்களைக் கட்டுப்படுத்தாது.

அப்டேட் தொடர்பான புகாரும் இந்தச் சட்டத்துக்கு வெளியே இல்லை. ஐஓஎஸ் 18 அப்டேட்டுக்குப் பிறகு ஐபோன்களின் செயல்பாடு குறைந்ததாகத் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குப் புகார்கள் வந்தன. அதையொட்டி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பியிருப்பதாக 2025 ஜனவரியில் மத்திய அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி அறிவித்தார். அந்த நோட்டீஸ் போனதற்குக் காரணம் சாதாரண மக்கள் பதிவு செய்த புகார்கள்தான்.

பழுதுபார்க்கும் உரிமைக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. நிறுவனங்களின் சர்வீஸ், வாரண்டி, உதிரிபாக விவரங்களை ஒரே இடத்தில் பார்க்க 2022 டிசம்பரில் மத்திய அரசு ஓர் இணையதளம் தொடங்கியது. போனைச் சர்வீசுக்குக் கொடுக்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

எங்கே ஏமாறுகிறோம்?

அப்டேட் முடிந்த முதல் ஓரிரு நாள் போன் சூடாவதும் சார்ஜ் வேகமாக இறங்குவதும் வழக்கம். பின்னணியில் படங்களையும் கோப்புகளையும் அது அடுக்கிக்கொண்டிருக்கும். அதற்கு அவசரப்பட வேண்டாம். ஒரு வாரம் கடந்தும் நீடித்தால்தான் அது குறை. ஆனால் பழைய ஐஓஎஸ்ஸுக்குத் திரும்புவதற்கு ஆப்பிள் சிறிது காலமே இடம் தரும், அதன் பின் வழியை அடைத்துவிடும். அதனால் பேக்கப் எடுக்காமல் பெரிய அப்டேட் எதையும் செய்யாதீர்கள். பழைய மாடல் வைத்திருப்பவர்கள் சில வாரம் பொறுத்து, மற்றவர்களின் அனுபவத்தைப் பார்த்துவிட்டுச் செய்வது நல்லது. ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

மலிவு விலைப் பேட்டரி இன்னொரு ஆபத்து. தரமற்ற பேட்டரி உப்பும், தீப்பிடிக்கவும் கூடும். திரை மேலெழும்பினாலோ பின்பக்கம் புடைத்தாலோ உடனே போனை அணைத்துவிடுங்கள். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். பேட்டரி மாற்றிய பிறகு செட்டிங்ஸில் ‘ஜெனரல்’, ‘அபவுட்’ பக்கத்தைப் பாருங்கள். உதிரிபாகம் அசல்தானா என்பதைப் புதிய மாடல்கள் அங்கேயே காட்டும்.

சர்வீசுக்குக் கொடுக்கும்போது பாஸ்கோடைத் தாளில் எழுதிக் கொடுக்காதீர்கள். அந்தச் சில இலக்கங்களில் உங்கள் குடும்பப் படங்களும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன. பரிசோதிக்கத் தேவை என்றால் எதிரில் நின்று நீங்களே போட்டுக் காட்டுங்கள்.

பழைய போன் வாங்குபவர்கள் விற்பவரின் கணக்கு அதிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள். *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். அது திருட்டுப் போனா என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்க்கலாம்.

குறை தீர்க்கும் வழி

முதலில் ஆதாரத்தைச் சேருங்கள். செட்டிங்ஸில் ‘பேட்டரி’ பகுதிக்குப் போனால் எஞ்சியிருக்கும் கொள்ளளவு சதவீதத்தில் தெரியும். ஐபோன் 14 வரையான மாடல்கள் 500 சார்ஜ் சுழற்சிக்கும், ஐபோன் 15 மாடல்கள் 1,000 சுழற்சிக்கும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்பது ஆப்பிளே சொல்லும் கணக்கு. உங்கள் போன் அதற்கு முன்பே சரிந்திருந்தால் கேள்வி கேட்க அதுவே அடிப்படை. அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அப்டேட் செய்த தேதியையும் ஐஓஎஸ் எண்ணையும் குறித்து வையுங்கள்.

அடுத்து, சர்வீஸ் சென்டருக்குப் போனால் ஜாப் ஷீட் வாங்காமல் திரும்பாதீர்கள். நீங்கள் சொன்ன குறை அதில் அப்படியே எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்மொழிப் பதிலை ஏற்காமல் மின்னஞ்சலில் பதில் கேளுங்கள். இணையத்தில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் உறுதிப்படுத்த வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

அங்கும் நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை 1915 என்ற எண்ணில் அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இது வழக்குக்கு முந்தைய படி. பல புகார்கள் இங்கேயே முடிந்துவிடும்.

முடியாதவற்றுக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தும் பதியலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். தேவைப்பட்டால் ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும். குறையை நீக்கித் தரவும், வேறு பொருள் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடு தரவும் உத்தரவிடும் அதிகாரம் அதற்கு உண்டு. ஒரே குறையால் பலர் பாதிக்கப்பட்டிருந்தால், ஆணையத்தின் அனுமதியோடு எல்லோருக்காகவும் சேர்த்து ஒரே வழக்குத் தொடுக்கலாம்.

நம்மில் பலருக்கு ஒன்றிரண்டு மாதச் சம்பளம் ஒரு ஐபோனுக்குப் போய்விடுகிறது. அவ்வளவு விலை கொடுத்தவருக்கு, தன் கையிலிருக்கும் பொருளுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள முழு உரிமை உண்டு. இன்றே உங்கள் போன் பில்லைத் தேடி எடுத்துப் படம் பிடித்து வையுங்கள். பேட்டரியின் நிலையைப் பாருங்கள். 1915 என்ற எண்ணை வீட்டில் எல்லோருடைய போனிலும் பதிந்து வையுங்கள். அடுத்த முறை யாராவது “மாத்திடுங்க” என்று சொன்னால், “ஏன்? எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள்.