ஆய்வகத் தட்டில் வென்ற பாக்டீரியா

வயிற்றுப்போக்குடன் அனுமதிக்கப்படும் குழந்தைகளின் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: "மருந்துக் கடையில் புரோபயாட்டிக் பொடி விற்கிறார்களே, அதைக் கரைத்துக் கொடுக்கலாமா?" தீய கிருமிகளை அழிக்கும் நல்ல பாக்டீரியா என்று அதனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பர். அது பொய்யன்று. ஆனால் எங்கே அழித்தது என்பதையும் கேட்டறிய வேண்டும்.

உணவின் வழியே பரவும் சால்மோனெல்லா போன்ற கிருமியை, அகார் கூழ் நிரப்பிய தட்டில் பரப்புவர். நடுவே சிறு குழியிட்டு, நல்ல பாக்டீரியா வளர்ந்த நீர்மத்தை அதில் விடுவர். மறுநாள் குழியைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வளையம் தென்பட்டால் முதற்படி தேறியது எனலாம். ஆயினும் அவ்வளையத்தைப் பல வேளைகளில் உண்டாக்குவது லாக்டிக் அமிலமே. பாலைப் புளிக்கவைத்துத் தயிராக்கும் அதே அமிலம். ஆகவே அமிலத்தை நடுநிலையாக்கி மீண்டும் சோதிப்பர். அதன்பின் வளையம் மறைந்துவிடுவதும் உண்டு.

தட்டில் தேறிய பாக்டீரியா, இரைப்பையின் கடும் அமிலத்தையும் பித்தநீரையும் கடந்து உயிருடன் குடலை அடைய வேண்டும். அங்கே குடற்சுவரில் ஒட்டுமா, இரத்த அணுக்களைச் சிதைக்குமா, ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுவைப் பிற கிருமிகளுக்குக் கடத்துமா என்பனவும் ஆராயப்படும். ஒரே இனத்தின் இரு வகைகளுள் ஒன்று தேறும், மற்றொன்று தேறாது. பெயரின் இறுதியில் வரும் எழுத்தும் எண்ணும் அந்த வகையைக் குறிப்பவை. அவையின்றி 'லாக்டோபேசில்லஸ்' என்று மட்டும் அச்சிட்ட பொட்டலம் எங்களுக்கு அதிகம் சொல்வதில்லை.

இவை யாவும் கடந்த பின்னரே மனிதரிடம் சோதனை. அமெரிக்காவில் வயிற்றுப்போக்குடன் அவசரப் பிரிவுக்கு வந்த 971 குழந்தைகளைக் கொண்ட ஆய்வு 2018இல் வெளியானது. பெயர்பெற்ற 'லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜி.ஜி.' என்னும் வகையைப் பாதிப்பேருக்கும், வெறும் பொடியை மற்றவர்க்கும் ஐந்து நாள் கொடுத்தனர். நோய் ஓரளவு கடுமையாகவோ மிகக் கடுமையாகவோ நீடித்தவர் முன்னவருள் 11.8 விழுக்காடு, பின்னவருள் 12.6 விழுக்காடு. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அக்குழந்தைகளின் நோய் அனைத்தும் உணவுக் கிருமிகளால் வந்ததன்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

பயனில்லாமற் போவது ஒரு புறமிருக்க, தீங்கும் நேர்ந்துள்ளது. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சியுற்றோர்க்குக் கிருமித்தொற்றைத் தடுக்கும் நோக்குடன் புரோபயாட்டிக் கலவை அளிக்கப்பட்டது. 2008இல் வெளியான முடிவின்படி, அதனைப் பெற்ற 152 பேரில் 24 பேர் இறந்தனர்; பெறாத 144 பேரில் 9 பேர். ஆய்வகத்தில் நல்ல முடிவைத் தந்த கலவைதான் அதுவும்.

எனவே குறைமாதக் குழந்தை, புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்பவர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர், கழுத்து நரம்பில் குழாய் பொருத்தப்பட்டவர் ஆகியோர்க்கு எங்களைக் கேளாது எந்தப் புரோபயாட்டிக்கும் தராதீர்கள். சக்கரோமைசிஸ் என்னும் ஈஸ்ட் பொடியைக் கட்டிலருகே பிரித்தால், கையில் ஒட்டிய துகள் குழாய்வழியே இரத்தத்தில் கலக்கக்கூடும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்க வேண்டா. பொட்டலத்தை எடுத்து வந்து காட்டுங்கள்.

வழக்கமான உணவு உண்போர்க்கு வீட்டுத் தயிர் தாராளமாகத் தரலாம். ஆயினும் அது சிகிச்சைக்கு மாற்றாகாது. வயிற்றுப்போக்குற்ற குழந்தைக்கு முதலில் வேண்டியது ஓ.ஆர்.எஸ். கரைசலும், மருத்துவர் சொல்லும் அளவில் 10 முதல் 14 நாள் துத்தநாக மருந்துமே. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. மலத்தில் இரத்தம், குழிந்த கண்கள், சிறுநீர் குறைதல், எழுப்பவும் இயலாத அயர்வு ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் இரவென்று பாராமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டு வாருங்கள்.