கண்டிக்கோட்டா: கூட்டத்துக்கு முதுகைக் காட்டுங்கள்!

ஒரகடம், வல்லம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் வாடகை ரூமில் குப்பை கொட்டும் பிரம்மச்சாரிகளுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் தீபாவளி. வீக்லி ஆஃப்! அன்றைக்கு என்ன செய்கிறார்கள்? காலையில் துணி துவைக்கிறார்கள். மத்தியானம் பிரியாணி. அப்புறம் தூக்கம். சாயங்காலம் எழுந்து, "நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டாடா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் தூக்கம். ஊரெல்லாம் ஓடுகிற புல்லட் இந்த வட்டாரத்தில்தான் தயாராகிறது. தயாரிக்கிறவர் போகிற தூரமோ கம்பெனி பஸ் ஸ்டாப் வரைக்கும்தான்!

தினம் எட்டு மணி நேரம் மெஷின் சத்தத்தைக் காதில் வாங்குகிறவருக்குத் தேவை இன்னொரு தீம் பார்க் அல்ல; கொஞ்சம் நிசப்தம். அது முந்நூறு சொச்சம் கிலோமீட்டர் தள்ளி, ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில் இருக்கிறது. பெயர் கண்டிக்கோட்டா. தெலுங்கில் 'கண்டி' என்றால் மலையிடுக்கு. 'கோட்டா' என்றால் கோட்டை.

'இந்தியாவின் கிராண்ட் கேன்யன்' என்று இதற்குப் பட்டம் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கிற ஒரிஜினல், 1919-லேயே தேசியப் பூங்கா ஆகிவிட்டது. நீளம் 446 கிலோமீட்டர், ஆழம் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல். அதோடு ஒப்பிட்டால் நம்முடையது சுண்டைக்காய்! ஆனால் சுண்டைக்காய்க்கு விசா வேண்டாம், பர்சனல் லோன் வேண்டாம்.

அங்கிருந்து கற்றுக்கொள்ள ஒரு விஷயம் உண்டு. கிராண்ட் கேன்யனுக்குப் போகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் தெற்கு விளிம்பில்தான் மொய்க்கிறார்கள். வடக்கு விளிம்பு பக்கம் போகிற மீதிப் பேருக்குத்தான் அமைதி. கண்டிக்கோட்டாவிலும் இதே கதைதான்.

கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து நெல்லூர் அருகே கடலில் கலக்கிற பெண்ணாறு, இங்கே எர்ரமலைக் குன்றுகளைச் சுற்றிப் போகாமல் நடுவே அறுத்துக்கொண்டு போகிறது. இரண்டு பக்கமும் செங்குத்தான செம்பாறைகள், யாரோ கொத்தனார் செங்கல் அடுக்கிவிட்டுப் போனதுபோல! இதைப் பலரும் கிரானைட் என்கிறார்கள். இல்லை, குவார்ட்ஸைட். பழங்காலத்து மணல், படிந்து இறுகிக் கல்லானது. வயசு நூறு கோடி வருஷத்துக்கும் மேல். மேனேஜர் காலையில் கத்தியதெல்லாம் இதன் முன்னால் எம்மாத்திரம்!

விளிம்பின்மேல் கோட்டை. பெம்மசானி நாயக்கர்கள் ஆண்டது. 1650-ல் கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா பிடித்தார். 1652-ல் அவரைப் பார்க்க தவெர்னியே என்ற பிரெஞ்சு வைர வியாபாரி இந்த மலைக்கு ஏறி வந்தார்.

இப்போது வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? காரை நிறுத்திவிட்டு நேராகப் பள்ளத்தாக்கு முனைக்கு ஓட்டம். சூரியன் உதிக்கும்போது ஒரு செல்ஃபி, மறையும்போது ஒரு செல்ஃபி, கிளம்பிவிடுகிறார்கள். நடுவில் இருக்கிற பகல் முழுக்க உங்களுக்குத்தான்!

மாதவராய சுவாமி கோயிலுக்குப் போங்கள். விஜயநகரக் காலத்துக் கோபுரம், செதுக்கிய தூண்கள், ஆனால் உள்ளே பூஜை கிடையாது. மண்டபத்தில் உட்கார்ந்தால் காற்றும் கிளியும்தான் பேசும். ரங்கநாதர் கோயில் இன்னும் சிதைந்தது; இன்னும் அமைதி. ஜும்மா மசூதிக்குப் பக்கத்தில் வளைவுக் கூரையோடு பழைய தானியக் களஞ்சியம் இருக்கிறது. வெயில் நேரத்தில் உள்ளே நுழைந்தால் ஏ.சி. தோற்றது. கோட்டைக்குள் இன்றும் ஒரு கிராமம் குடியிருக்கிறது. வீடுகளுக்கு நடுவே ஒரு புறாக் கோபுரம். வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு "நமஸ்காரம் அண்டி" சொல்லிப் பாருங்கள். வழி கிடைக்கும், தண்ணீரும் கிடைக்கும்.

இன்னும் அறுபது கிலோமீட்டர் போனால் பேலம் குகை. தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம். 1884-ல் இதைப் பதிவு செய்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். நம்ம பல்லாவரத்தில் 1863-ல் கற்கோடரி கண்டெடுத்தாரே, அதே மனிதர்தான்!

ஆனால் இந்த நிசப்தம் இப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள். சுற்றுலா வளர்ச்சிக்காக மத்திய அரசு 2024-ல் சுமார் 78 கோடி ரூபாய் ஒதுக்கியது. கிராமத்துக்காரர்களுக்கு நாலு காசு கிடைத்தால் நல்லதுதான். கூடவே சிப்ஸ் பாக்கெட்டும் ஸ்பீக்கர் பாக்ஸும் வரும். இந்த அழகுக்கு ஏற்கெனவே வேறு ஒரு விலையும் உண்டு. மேல்புறம் கட்டிய கண்டிக்கோட்டா அணையின் நீர்மட்டத்தை 2020-ல் உயர்த்தியபோது, தாள்ளப்ரொத்துட்டூர் போன்ற ஊர்க்காரர்கள் வீட்டைக் காலி செய்யவேண்டி வந்தது. பள்ளத்தாக்கில் பளபளக்கும் தண்ணீரைப் பார்க்கும்போது அதையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் போவது? அரக்கோணத்தில் மும்பை மார்க்கத்து ரயில் பிடித்தால் கடப்பாவில் இறங்கலாம். அங்கிருந்து ஜம்மலமடுகு போய், மேலும் பதினைந்து கிலோமீட்டர். பைக் என்றால் திருத்தணி, ரேணிகுண்டா, ராஜம்பேட்டை வழி. நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு மட்டும் பைக்கை எடுக்காதீர்கள். தூக்கக் கலக்கத்தோடு நெடுஞ்சாலையில் ஹீரோயிசம் வேண்டாம். தங்குவதற்கு ஆந்திர சுற்றுலாத் துறையின் ஹரிதா விடுதி உண்டு. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை சௌகரியம். ஏப்ரல், மே மாதம் போனால் ஆம்லெட் ஆகிவிடுவீர்கள்.

ஒரு எச்சரிக்கை. விளிம்பில் பல இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது. பாறையில் தூசும் சரளையும் வழுக்கும். ஷாப் ஃப்ளோரில் மஞ்சள் கோட்டைத் தாண்டாத நீங்கள், இங்கேயும் மனசுக்குள் ஒரு மஞ்சள் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு நல்ல சேதி. 'எல்லாருக்கும் ஞாயிறு லீவு, எனக்கு மட்டும் செவ்வாய்க்கிழமை ஆஃப்' என்று எத்தனை நாள் புலம்பியிருப்பீர்கள்? பெங்களூரு கார்களெல்லாம் வருவது சனி, ஞாயிறு. செவ்வாய்க்கிழமை கண்டிக்கோட்டாவில் ஈ, காக்கை இருக்காது. கூட ஒரு சி.எல். மட்டும் போட்டுவிடுங்கள்.

பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று எழுத வேண்டாம். அந்தப் பாட்டி போன வருஷமே இரண்டு தடவை செத்துப் போயாச்சு!