ஒரே சட்டியில் இறாலும் மரக்கறியும்

நாற்று நடுகைக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் கமக்காரக் குடும்பத்தினர் பொழுது சாயும்வரை வயலில் நிற்பர். வீடு திரும்பியபின் பல கறிகள் சமைக்க நேரம் இராது. விறகும் மிகுதியாகச் செலவாகும். ஆதலால் பல வீடுகளில் இராச் சாப்பாடு சோறும் சம்பலுமாக முடிந்துவிடுகின்றது. சோறு வயிற்றை நிரப்பும்; ஆயினும் வளரும் பிள்ளைகளுக்கு வேண்டிய புரதமும் இரும்புச்சத்தும் விற்றமின் ஏயும் அதனால் மட்டும் கிடைப்பதில்லை. சோறு வேகும் நேரத்திலேயே பக்கத்து அடுப்பில் ஒரே சட்டியில் ஆக்கக்கூடிய பின்வரும் கறி இக்குறையைப் பெரிதும் நீக்கும்.

வேண்டியவை (ஐவருக்கு)

இறால் 500 கிராம், பூசணிக்காய் 250 கிராம், முருங்கைக்காய் 2, கத்தரிக்காய் 2, முருங்கையிலை இரண்டு கைப்பிடி, தேங்காய் பாதி, சின்ன வெங்காயம், உள்ளி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, தேசிக்காய் ஆகியன.

இறாலைத் தெரிதல்

நல்ல இறாலின் தலை உடலோடு இறுகப் பொருந்தியிருக்கும், ஓடு பளபளக்கும். தலை கழன்று, மூக்கைத் துளைக்கும் நாற்றம் வீசுவதை விலக்குக. ஓட்டையும் முதுகில் ஓடும் கரிய குடலையும் நீக்கிக் கழுவுக.

செய்முறை

சட்டியிற் சிறிது எண்ணெய் விட்டு வெங்காயம், உள்ளி, மிளகாய், கறிவேப்பிலை என்பவற்றை வதக்குக. தூள்களையும் உப்பையும் இட்டு, இரண்டாம் பாலை ஊற்றி, முருங்கைக்காயை முதலில் இடுக. 5 நிமிடத்தின் பின் பூசணிக்காயையும் கத்தரிக்காயையும் சேர்த்து, அவை மெதுமையாகும்வரை ஏறத்தாழ 8 நிமிடம் வேகவிடுக. அதன்பின் இறாலையும் முதற்பாலையும் சேர்க்க. 3 நிமிடத்தில் முருங்கையிலையைத் தூவி, மேலும் 2 நிமிடத்தில், இறால் உள்ளும் புறமும் நிறம் மாறியதும் இறக்குக. சட்டியை இறக்கிய பின்னரே தேசிப்புளி விடுதல் வேண்டும். கொதிக்கும்போது விட்டாற் பால் திரையும்.

ஒழுங்கின் காரணம்

எல்லாவற்றையும் ஒருங்கே இட்டால் முருங்கைக்காய் வேகுமுன் இறால் இறுகித் தோல்போலாகும். இலையின் சத்தும் குறையும். பூசணியிலும் முருங்கையிலையிலும் உள்ள கரோட்டின் உடலில் விற்றமின் ஏ ஆக மாறும். அதனை உடல் ஏற்பதற்குத் தேங்காய்ப்பாலின் கொழுப்பு உதவும். இலையின் இரும்புச்சத்து உடலிற் சேரத் தேசிப்புளி துணைபுரியும்.

கவனிக்க வேண்டியவை

கடற்கரைக்குத் தொலைவில் வாழ்வோரும் இறால் ஒவ்வாதோரும் குளத்து மீனைப் பயன்படுத்தலாம்; மீனைப் பூசணிக்காயுடன் சேர்த்து இடுக. வெப்பமான இடத்தில் இக்கறி விரைவிற் பழுதாகும். எனவே அன்றிரவே உண்டு முடிக்கக்கூடிய அளவே சமைத்தல் நன்று.

வேலியோரத்தில் ஒரு முருங்கையும் கிணற்றடியில் ஒரு பூசணிக் கொடியும் நிற்குமாயின், இக்கறிக்கு விலைகொடுத்து வாங்கவேண்டிய மரக்கறி மிகச் சிறிதே. விளைவித்ததை எல்லாம் சந்தைக்கு அனுப்பாது, ஒரு பங்கைத் தம் பிள்ளைகளின் கோப்பைக்கு ஒதுக்குவது கமக்காரர் கடமையாகும்.