நாலு சிநேகிதிகள், இரண்டு நாள் சிங்கப்பூர்!

ஆண்பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனாலும் சிநேகிதர்கள் சிநேகிதர்களாகவே இருக்கிறார்கள். சீட்டுக் கச்சேரி நடக்கிறது. குற்றாலத்தில் சாரல் என்று கேள்விப்பட்டால் கோஷ்டியாகக் கிளம்பிவிடுகிறார்கள். பெண்களுக்கு அப்படியா? கல்யாணம் ஆனதும் ஒருத்தி தில்லிக்கு, ஒருத்தி மதுரைக்கு என்று திசைக்கு ஒருவராகப் போய்விடுகிறோம். அப்புறம் சந்திப்பதெல்லாம் கல்யாணப் பந்தலில்தான். அங்கேயும், "குழந்தைகள் சௌக்கியமா?" என்று கேட்டு முடிப்பதற்குள் இலை போட்டுவிடுகிறார்கள்!

ஒரே வகுப்பில் படித்த நாங்கள் நால்வர், ஒரு சனி ஞாயிறை எங்களுக்கென்று எடுத்துக்கொள்வதாகத் தீர்மானித்தோம். ஒருத்தி பாங்கியில் அதிகாரி. இன்னொருத்தி பள்ளிக்கூட ஆசிரியை. மூன்றாமவள், கணவர் காலமானது முதல் இரண்டு வருஷமாக வாசற்படி தாண்டாதவள். நாலாவது, இதை எழுதும் நான். "பக்கத்தில் மகாபலிபுரம் இருக்கிறதே, போதாதா?" என்றார்கள் வீட்டில். போதாது! "டப்பா எங்கே, சாவி எங்கே?" என்று டெலிபோன் வந்தால் மகாபலிபுரத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாமே! சிங்கப்பூரிலிருந்து திரும்ப முடியாதல்லவா?

விசாவை முன்னதாகவே வாங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை இரவு சென்னையில் விமானம் ஏறினோம். நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. "இறங்கும்போதே இரண்டரை மணி நஷ்டம்!" என்று பாங்கிக்காரி கணக்குப் பார்த்தாள். "திரும்பும்போது அசல் வந்துவிடும், வட்டிதான் கிடையாது" என்றாள் டீச்சர்.

கோபுரமும் சிவப்பு முண்டாசும்

1987-ல் ஓடத் தொடங்கிய நகர ரயிலில் ஏறினோம். சிங்கப்பூரின் நான்கு ஆட்சி மொழிகளில் தமிழும் ஒன்றல்லவா? ரயில் நிலையத்தில் தமிழ் அறிவிப்பைக் கேட்டதும் மூன்றாமவள் திரும்பிப் பார்த்தாள், யாரோ தெரிந்தவர் கூப்பிட்டது போல!

சைனாடவுனில், சௌத் பிரிட்ஜ் ரோட்டில், சீனர் கடைகளுக்கு நடுவே மாரியம்மன் கோயில் கோபுரம் நிற்கிறது. 1819-ல் ராபிள்ஸ் துரையுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை என்பவர் முன்னின்று, 1827-ல் ஏற்படுத்திய கோயில். முதலில் மரமும் கீற்றுமாகத்தான் இருந்ததாம்.

அந்த வட்டாரத்தில் இன்னொரு கதையும் உண்டு. 1920-களிலிருந்து சீனாவின் ஸான்ஷுயி பகுதியிலிருந்து பெண்கள் இங்கே பிழைக்க வந்தார்கள். தலையில் சிவப்பு முண்டாசு கட்டிக்கொண்டு, கட்டட வேலையில் மண்ணும் செங்கல்லும் சுமந்தார்கள். 'சம்சுயி பெண்கள்' என்று பெயர். பலர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. நெருக்கடியான அறைகளைச் சிநேகிதிகளோடு பங்கிட்டுக்கொண்டு, மிச்சம் பிடித்ததை ஊருக்கு அனுப்பினார்கள். 2024-ல் இதே சாலையில், கையில் சிகரெட்டுடன் இளம் சம்சுயி பெண்ணின் படத்தைச் சுவரில் ஒருவர் தீட்ட, ஊரே இரண்டு கட்சியாகிவிட்டது. சிகரெட்டை அழிக்கச் சொன்ன அதிகாரிகள், பிறகு படம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

"அந்தக் காலத்திலேயே சிநேகிதிகள்தான் குடும்பம் என்று இருந்திருக்கிறார்களே!" என்றாள் மூன்றாமவள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் நீளமான வாக்கியம் அதுதான்.

காகிதக் கைக்குட்டை ரிசர்வேஷன்

மத்தியானம் மாக்ஸ்வெல் சாப்பாட்டுக் கடைக் கூடம். ஒரே கூரையின் கீழ் வரிசை வரிசையாகக் கடைகள். நடுவே பொது மேஜைகள். இந்தக் கடைப் பண்பாட்டை 2020-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. இடம் பிடிக்கும் முறையைக் கேளுங்கள்: மேஜைமேல் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை வைத்துவிட்டால் போதும், அந்த இடம் உங்களுடையது! நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போடுகிறோமே, அதன் தம்பி முறை. சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துப்போய் வைக்கவேண்டும். 2021 முதல் அது சட்டம். "நம் வீட்டு ஆண்களை இங்கே ஆறு மாதம் விடவேண்டுமடி!" என்றாள் டீச்சர்.

தரையில் படுத்த கதை

மாலையில் கடலோரத்துத் தோட்டம். 2012-ல் திறந்தது. எஃகினால் ஆன பிரம்மாண்ட மரங்கள்; உயரமானது 50 மீட்டர்! உடம்பெல்லாம் செடி கொடிகள். இரவு 7.45-க்கும் 8.45-க்கும் பாட்டுக்கு ஏற்ப விளக்குகள் நடனமாடுகின்றன. கட்டணம் கிடையாது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. சுற்றிலும் ஜனங்கள் தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தார்கள். நாங்களும் படுத்துவிட்டோம். பட்டுப்புடவையுடன், நாற்பத்தெட்டு வயதில், நால்வரும்! பேரைச் சொல்லி, "ஏய்" என்று கூப்பிட்டு, காரணமில்லாமல் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று!

ஒரு முழம் பூ

ஞாயிறு காலை சிராங்கூன் ரோடு. தேக்கா சந்தையில் முருங்கைக்காயும் வாழைப்பூவும் பார்த்துவிட்டுப் பூக்கடைக்கு வந்தோம். மல்லிகை வாசனை! மூன்றாமவள் வழக்கம்போல் இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். பூக்கார அம்மாள் எங்களை எண்ணினாள்; நாலு துண்டு நறுக்கினாள்.

"எனக்கு வேண்டாம்" என்றாள் மூன்றாமவள் மெதுவாக.

"ஏண்டி? ஆறாம் வகுப்பில் வைத்துக்கொண்டபோது யாரைக் கேட்டு வைத்துக்கொண்டாய்?" என்றாள் டீச்சர்.

ஒரு நிமிஷம் அவள் பேசவில்லை. பிறகு திரும்பி நின்று தலையைக் காட்டினாள். பாங்கிக்காரிதான் வைத்துவிட்டாள். நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. காப்பி சாப்பிடப் போய்விட்டோம்.

நீங்களும் இப்படிக் கிளம்புவதானால் இரண்டே யோசனை. எல்லோரும் சமமாகப் பணம் போட்டு ஒரே பை வைத்துக்கொள்ளுங்கள்; கணக்கு வழக்கில் சிநேகம் கெடாது. ஒரு நாளைக்கு மூன்று இடத்துக்கு மேல் வேண்டாம். ஊர் ஓடிப்போகாது, பேச்சுக்குத்தான் நேரம் கிடைக்காது.

ஞாயிறு இரவு விமான நிலையத்தில் பாங்கிக்காரி மிச்சப் பணத்தைப் பிரித்துக் கொடுத்தாள். மூன்றாமவள் தன் பங்கை வாங்கிக்கொள்ளவில்லை.

"பையிலேயே இருக்கட்டும். அடுத்த வருஷம் பினாங்குக்கு ஆகும்" என்றாள்.